பாப்பாவின் இடது கண்

மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முதல் வகுப்புப் பெட்டிகளின் இருக்கைகளுக்குத் தோல் போர்த்தித் தைப்பவர் சொரிமுத்து. பதினான்கு வருஷமாக அதே வேலை. நார் பிதுங்காமல், தோல் சுருங்காமல், சாண் நீள ஊசியால் அவர் போடும் தையலில் எந்தத் துரையும் குறை கண்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு ஒரு கந்தல் பொம்மையின் முகத்தைத் தைத்து முடிக்க மூன்று நாள் பிடித்தது.

1943 ஆவணியில் அவர் மனைவி பார்வதி டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனாள். காய்ச்சல்காரி தொட்ட துணியையெல்லாம் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டுப் போனான் முனிசிபாலிட்டி ஆள். அவர்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பில் பக்கத்து அறைக்காரி ஆபிதாதான் அண்டாவை ஏற்றினாள். விரிப்பு, சேலை, தலையணை உறை, இவற்றோடு சொரிமுத்துவின் மகள் இசக்கியின் பொம்மையையும் சோடா போட்டுக் கொதிக்க வைத்தாள். பழைய வேட்டித் துணியில் பஞ்சு அடைத்துப் பார்வதி செய்த பொம்மை அது; இசக்கி அதைப் பாப்பா என்று கூப்பிடுவாள். யுத்த காலத்து நூல், சாயம் நிற்கவில்லை. வெளியே எடுத்தபோது கண்ணும் மூக்கும் வாயும் கறுப்பாக வழிந்து கிடந்தன. பார்க்கச் சகிக்காமல் ஆபிதா நூலையெல்லாம் பிடுங்கி, மறுபடி சோப்புப் போட்டு அலசிக் காயவைத்துக் கொடுத்தாள்.

ஐந்து வயது இசக்கி அதை வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. வெறும் முகம் தன் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி அணைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பாப்பாவை அப்படித்தான் தூக்கித் திரிந்தாள்.

காரியத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள் பார்வதியின் அக்கா கோமதி. பதினாறாம் நாள் கழிந்ததும், பிள்ளையைத் தன்னோடு கூட்டிப் போவதாகச் சொன்னாள். அதில் நியாயம் இருந்தது. சொரிமுத்து காலையில் சங்கு ஊதும்போது போனால் சாயங்காலம்தான் திரும்புவார். பெண் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவது? அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"ஏட்டி, பெரியம்மை கூட ஊருக்கு வாரியா? அங்க ஆட்டுக்குட்டி இருக்கு" என்றாள் கோமதி.

"நக்கோ."

"அது என்னட்டி நக்கோ?"

"வேண்டாம்னு சொல்லுதா, மதினி" என்றார் சொரிமுத்து.

"அது மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

கோமதி விடவில்லை. கெஞ்சினாள், மிரட்டினாள், கருப்பட்டி மிட்டாய் தருவதாகச் சொன்னாள். வியாழக்கிழமை சாயங்காலம் இசக்கி இறங்கி வந்தாள். "பாப்பாக்கு மூஞ்சி வந்தா வாரேன்" என்றாள்.

"கேட்டியளா மாப்பிள்ளே? ஞாயித்துக்கிழமை மெயிலுக்கு நான் புறப்படணும். அதுக்குள்ள அந்த மூஞ்சியத் தச்சுக் குடுத்துருங்க. எனக்கு ஊசி கோக்கக்கூடக் கண்ணு தெரியாது."

ஆபிதாவும் கையை விரித்துவிட்டாள். "நான் தச்சா அவ வாங்க மாட்டா அண்ணே. பிடுங்கினதே நாந்தானே."

ஆக, மகளை ஊருக்கு அனுப்பும் வேலை சொரிமுத்துவின் கையிலேயே வந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஆபிதாவிடம் மெல்லிய ஊசியும் கறுப்பு நூலும் வாங்கி உட்கார்ந்தார். முதல் குத்திலேயே ஊசி பாப்பாவின் பிடரி வழியாக வெளியே வந்தது. தோலை இழுக்கிற பழக்கத்தில் நூலை இழுத்தார். கன்னம் குழிந்து, நெற்றி சுருங்கி, பாப்பா பல் போன கிழவியாகிவிட்டாள். வாசலில் நின்று பார்த்த ஆபிதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, இது ரயில் சீட்டு இல்ல. இது மேல யாரும் உக்காரப் போறதில்ல. நூலைக் கொஞ்சம் லேசா விடுங்க."

அன்றைக்குத் தைத்ததைப் பிரித்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் முறையாகத் தொடங்கினார். ஸ்கேலும் சாக்குக்கட்டியும் எடுத்து, முகத்தின் நடுவில் ஒரு கோடு, கண்ணுக்கு ஒரு கோடு போட்டார். துணியில் பழைய தையலின் துளைகள் தென்பட்டன. அவற்றைத் தொடவில்லை. பழைய துளை தளர்ந்திருக்கும், நூலைப் பிடிக்காது, தள்ளிக் குத்து என்பதுதான் ஒர்க்‌ஷாப்பில் அவர் முதல் நாள் கற்ற பாடம். சாயங்காலத்துக்குள் முகம் முடிந்தது. இரண்டு கண்ணும் ஒரே மட்டம், ஒரே அளவு.

இசக்கி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தரையில் வைத்துவிட்டாள்.

"இது வேற பிள்ளை."

"எதுட்டி வேற? கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு, எல்லாம் இருக்குல்லா?"

"இது என்னையப் பாக்குது. பாப்பா என்னையப் பாக்காது, கதவைப் பாக்கும்."

கோமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். சொரிமுத்துவுக்கு மட்டும் பிள்ளை சொன்னது விளங்கியது. போன வருஷம் பார்வதி இதைத் தைத்துக் காட்டியபோது, இடது கண் கீழே இறங்கிக் கோணலாக இருப்பதைப் பார்த்து அவர் சிரித்திருந்தார். "கோணலா? அவ கதவைப் பாக்கா. நீங்க நேரத்துக்கு வாரியளான்னு" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். ஒரே மத்தியானத்தில் தைத்துவிட்டதாகவும் பெருமை அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மறுபடி பிரித்தார். சாக்குக்கட்டிக் கோடுகளைத் தட்டிவிட்டுத் துணியைக் கண்ணருகே கொண்டுபோனார். தான் குத்திய துளைகளைக் கழித்துப் பார்த்தால், வலது கண்ணுக்கு ஒரு வரிசைத் துளைதான். இடது கண்ணுக்கு மூன்று வரிசை இருந்தது. இரண்டு வரிசையில் துளை மட்டும். மூன்றாவதில், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சாயம் இறங்கிய மங்கலான வளையம். கொதித்தபோது நூல் இருந்தது அங்கேதான்.

அப்படியானால் பார்வதி இரண்டு தடவை பிரித்திருக்கிறாள். நேராக்கப் பார்த்து, மூன்றாம் தடவையும் கோணிப்போய், அதற்குப் பிறகுதான் கதவுக் கதையைக் கட்டியிருக்கிறாள். ஒரே மத்தியானமாம்.

சொரிமுத்து சாய வளையம் இருந்த துளைகளில் ஊசியை விட்டார். இழுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. முன்பே போன வழியில் ஊசி தானாகப் போயிற்று. தளர்ந்த துளை நூலைப் பிடிக்காது என்பது தோலுக்குச் சரி, இந்தத் துணி பிடித்துக்கொண்டது. மூக்குக்கு ஒரு கோடு, வாய்க்கு ஒரு வளைவு. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முடிச்சுப் போடுகையில்தான் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது உறைத்தது. முடிச்சை இறுக்கிப் போட்டார்.

இசக்கி வாங்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு பாப்பாவின் முகம் வெளியே தெரியும்படி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கோமதி ஏற்கெனவே மூட்டையைக் கட்டி வைத்திருந்தாள். "வந்தாச்சுல்லா மூஞ்சி? வா, சட்டைய மாத்து."

இசக்கி நகரவில்லை.

"காது இல்லையே" என்றாள்.

"உங்க அம்மை செஞ்சப்பவே இதுக்குக் காது கிடையாதுட்டி!"

"இப்ப வேணும். காது இல்லாம பாப்பாக்கு ரயில் சத்தம் எப்படிக் கேக்கும்?"

கோமதி சொரிமுத்துவைப் பார்த்தாள். அவர் பொம்மையை வாங்கி, தலையின் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்தி அளந்து பார்த்தார்.

"காது லேசுப்பட்ட வேலை இல்ல, மதினி. ரெண்டும் ஒண்ணு போல வரணும்."

"எத்தனை நாளாகும்?"

"சொல்ல முடியாது."

"அப்பனும் மகளும் நல்லாத்தான் பேசி வச்சிருக்கிய" என்றாள் கோமதி. பிறகு மூட்டையைப் பிரித்து, இசக்கியின் இரண்டு கவுனை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"இவரு வேலைக்குப் போனா பிள்ளைய யாரு பாத்துக்கிடுவா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"எனக்கு நாலு இருக்கு. இதோட அஞ்சு" என்றாள் வாசலில் நின்ற ஆபிதா.

கோமதி தனியாகவே மெயில் ஏறினாள். தை மாதம் வந்து பார்ப்பதாகவும், அதற்குள் காது, கம்மல் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடியே தை மாதம் வந்தாள். பாப்பாவுக்குக் காது இல்லை. கோமதி அதைக் கவனித்தாள், ஆனால் கேட்கவில்லை. கொண்டுவந்திருந்த பெரிய கருப்பட்டியை எடுத்து, அம்மிக் குழவியால் தட்டி, ஐந்து துண்டாக உடைத்தாள்.