பெருக்கி வைத்த பாறை

எண்பதுகளின் தொடக்கம். மாசி மாதம், நெல் அறுவடை முடிந்த சமயம். திருவண்ணாமலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் தட்டச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு அடி அண்ணாமலையில். எங்கள் ஊர் ஓரத்தில் தரையோடு தரையாக ஒரு பெரிய பாறை உண்டு. அதை வெடி வைத்து உடைத்து ஜல்லி எடுக்க யாரோ அனுமதி கேட்டிருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றும் தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். 'எவ்வித உபயோகமும் இல்லாத பாறைப் புறம்போக்கு' என்று அதில் இருந்தது.

டவுனிலும் இதே பேச்சுதான். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும், சுவர் விரிசல் விடும் என்றார்கள். ஜல்லி லாரி மலை சுற்றும் பாதையில்தான் போகவேண்டும், வெறுங்காலோடு சுற்ற வருகிற ஜனங்கள் எப்படி நடப்பார்கள் என்று பூக்கடைக்காரர்கள் கவலைப்பட்டார்கள்.

ஊரில் தட்டச்சு தெரிந்த ஒரே ஆள் நான். மனு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையைக் கொடுத்தேன். மூன்று பக்கம் அடித்தேன். புண்ணிய பூமி, இயற்கை அன்னையின் மடி, சித்தர்கள் உலவிய மண் என்று ஒன்றையும் விடவில்லை. ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டியபோது கைதட்டினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலூரிலிருந்து அதிகாரி நேரில் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. பெரிய மனிதர் வருகிற இடம் சுத்தமாக இருக்கவேண்டாமா? முந்தின நாளே எல்லோரையும் கூப்பிட்டு, பாறையில் காயப்போட்டிருந்த நெல், மிளகாய், புளி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகச் சொன்னேன். அவரவர் பங்குக்கு அடையாளமாக வரிசையாக வைத்திருந்த கற்களைக்கூட அசிங்கமாக இருக்கிறது என்று பொறுக்கி எறிந்தேன். பெண்கள் பெருக்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், கோலமும் போட்டார்கள். நடுவில் ஒரு நாற்காலி, மேஜை, மேஜைமேல் பூத்துணி. பாறை பளிச்சென்று இருந்தது.

அதிகாரி வந்தார். உட்கார்ந்து என் மனுவை நிதானமாகப் படித்தார். பாறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிறகு நோட்டீஸைப் பார்த்தார்.

"தமிழ் நல்லா இருக்கு தம்பி. ஆனா இந்தப் பாறைய நீங்க எதுக்கு உபயோகிக்கிறீங்கன்னு ஒரு வரி இல்லையே? நோட்டீஸ்ல சொன்ன மாதிரி வெறும் பாறையாத்தானே இருக்கு" என்றார்.

இங்கேதான் தானியம் காயவைப்போம் என்று சொன்னேன். நெல்மணி ஒன்றுகூட இல்லாத பாறையில் நின்றுகொண்டு சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது என் காதில் நன்றாகவே விழுந்தது. இந்தப் பாறை போனால் ஊர் நெல்லைக் காயவைக்க வேறு இடமே கிடையாது. அதை என் துடைப்பத்தாலேயே பெருக்கித் தள்ளிவிட்டேனே என்று அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் எதிர்வீட்டு அக்கா தலையில் கூடையோடு வந்தார். அவித்த நெல், ஆவி பறக்கிறது. நான் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அக்கா என்னைச் சட்டையே செய்யவில்லை. நேராக அதிகாரியிடம் போனார்.

"ஐயா, நாற்காலிய கொஞ்சம் அந்தாண்ட போட்டுக்கங்க. இது எங்க எடம். அவிச்ச நெல்லு காத்துக்கினு இருக்காது, நாறிப்போவும்."

அதிகாரி எழுந்துவிட்டார். "இதுல கோடே இல்லையேம்மா, உங்க எடம்னு எப்படித் தெரியும்?"

"கல்லு வெச்சிருந்தோம். அத இந்தத் தம்பி தூக்கிப் போட்டுட்டாரு. கல்லு இல்லன்னா தெரியாதா இன்னா? இந்த வெடிப்புலேர்ந்து அந்தக் குழி வரைக்கும் எங்களுது. அதுக்கு அந்தாண்ட அவங்க ஊட்டுது."

அதிகாரிக்கு ஆர்வம் வந்துவிட்டது. மற்ற பெண்களைக் கூப்பிட்டு அவரவர் இடத்தில் நிற்கச் சொன்னார். வினாடியில் போய் நின்றார்கள், பஸ்ஸில் ரிசர்வ் செய்த சீட்டில் உட்காருவதுபோல. கடைசியில் நின்ற பெண்ணைத் தனியாக அழைத்துப் பக்கத்துப் பங்கின் எல்லையைக் கேட்டார். பிறகு அந்தப் பக்கத்துப் பங்குக்காரியைக் கேட்டார். இருவரும் ஒரே வெடிப்பைத்தான் காட்டினார்கள்.

அதற்குள் ஊரே வீட்டுக்கு ஓடிக் கூடையோடு திரும்பியது. நெல், கேழ்வரகு, மிளகாய், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை. கால்மணி நேரத்தில் என் கோலம் எங்கே என்று தெரியவில்லை. அதிகாரி உள்ளே நடக்கப் போனார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்கய்யா, சோத்துக்கு ஆவுற நெல்லு" என்றார் அக்கா.

கழற்றினார். நெல்லைக் காலால் துழாவிவிடும் பெண்களைப் பார்த்துத் தானும் இரண்டடி துழாவினார். மூன்றாவது அடியில் பாறைச் சூடு தாங்காமல் துள்ளினார் பாருங்கள், ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. அவர் கால் ஆறுவதற்குள் வேகவைத்த மல்லாட்டை ஒரு முறத்தில் வந்துவிட்டது. தின்றுகொண்டே, என் மனுவின் ஓரத்தில் தன் கையால் எழுதினார்: 'ஊர்ப் பொதுக் களமாகப் பயன்பாட்டில் உள்ளது.'

கொஞ்ச நாளில் அனுமதி மறுத்து உத்தரவு வந்தது. அக்கா ஒரு படி அரிசியைக் கொண்டுவந்து, "அந்த ஐயா மெதிச்ச நெல்லு, பொங்கித் துன்னு. புத்தி வரும்" என்று கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்சம் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பாறை இன்றும் அப்படியே இருக்கிறது. இப்போதும் மனு எழுதித் தரச் சொல்லி யாராவது வந்தால், உங்கள் இடத்தை நேரில் பார்க்க நாளைக்கு வருகிறேன், அதற்குள் அங்கே எதையும் பெருக்கி வைத்துவிடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.