முசல்லா தொங்கிய சுவர்

இதை எழுதுவதா விடுவதா என்று எத்தனையோ நோன்புகள் வந்து போகுமட்டும் யோசித்துவிட்டேன். பேனையை எடுப்பேன், அடுப்பில் மீன் ஆணம் பொங்கும், பேனையை வைத்துவிடுவேன். ஆணம் பொங்காத நாட்களில் வெட்கம் வந்து கையைப் பிடிக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடி வைத்தவள். குர்ஆன் ஓதுவேன், பத்திரிகை வாசிப்பேன், கடைக்குச் சாமான் துண்டு எழுதுவேன். அதற்குமேல் எழுத்து எனக்கு எதற்கு என்றுதான் இருந்தேன்.

ஆனால் எங்கள் வீட்டுக் கதையை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் பெருகிவிட்டார்கள். அண்மையில் ஒரு கலியாண வீட்டில் என்னோடு ஒரே சகன் தட்டில் கைபோட்டுச் சோறு தின்ற ஒரு பெண், நான் யாரென்று தெரியாமல், என் மகளின் கலியாணக் கதையை எனக்கே சொன்னாள். அதில் என் மகள் றேடியோவில் பாட்டுக் கேட்டு மாப்பிள்ளையைக் காதலித்திருந்தாள். நான் மௌத்தாகியும் போயிருந்தேன். அல்ஹம்துலில்லாஹ், இருக்கிறேன். இருப்பதால் எழுதுகிறேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று. இங்கே கலியாணம் முடித்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் சீதனம். அதனால் மாப்பிள்ளை பக்கத்துப் பெண்கள் வந்தால் பெண்ணைப் பார்க்கும் நேரம் குறைவு, வீட்டைப் பார்க்கும் நேரம் கூட. பெண்ணிடம் ‘ஓதத் தெரியுமா மகள்’ என்று ஒரு கேள்வி. வீட்டிடம்தான் மிச்சக் கேள்வியெல்லாம்: கிணறு வற்றுமா, ஓடு ஒழுகுமா, மாப்பிள்ளையின் சைக்கிளை எங்கே வைப்பது.

எங்கள் வீடு கல்முனை பஸாருக்குப் பின்னால் இருந்தது. என் உம்மா எனக்குத் தந்த வீடு. நான் என் மகளுக்குக் கொடுக்க வேண்டிய வீடு. எண்பதுகளின் தொடக்கம் அது. டெலிவிஷன் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. வந்த இரண்டு சம்பந்தங்கள் திரும்பிப் போயிருந்தன. முதல் கூட்டத்துக்குப் பஸ் ஹோண் சத்தம் பிடிக்கவில்லையாம். இரண்டாவது கூட்டத்துக்கு எல்லாம் பிடித்திருந்ததாம், வீட்டோடு வயலும் இருந்தால். மூன்றாவது அக்கரைப்பற்றிலிருந்து வரப்போகிறது என்றபோது மகளுக்கு இருபத்திரண்டு வயது. இதுவும் போனால் தெருவே சேர்ந்து என் மகளுக்கு ஒரு குறை கண்டுபிடித்துவிடும். தெருவுக்கு அதில் நல்ல பழக்கம்.

வீட்டின் ஹோலை நாங்கள் அலங்கரித்திருந்த அழகைச் சொல்ல வேண்டும். சுவர் பச்சை டிஸ்டெம்பர். அதில் என் புருஷனுடைய நடிகர். பெயர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும். பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த இவருக்கு வருஷா வருஷம் கலண்டர்கள் கிடைக்கும். வருஷம் முடிந்தால் திகதித் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு நடிகரை மட்டும் வைத்துக்கொள்வார். இப்படி நடிகர் ஒருவரே மூன்று சட்டையில் மூன்று இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். உருவப் படம் தொங்கும் வீட்டுக்கு மலக்குகள், அல்லாஹ்வின் வானவர்கள், வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். நான் தொழும் அறையில் படமில்லை, ஆகவே மலக்குகள் பின்வாசலால் வந்து போகலாம் என்பது இவர் கண்டுபிடித்த சட்டம். எந்த மௌலவியிடம் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கடையில் வேலை இருப்பது உடனே ஞாபகத்துக்கு வரும்.

நடிகர்களுக்கு நடுவே ஒரு தட்டு. தட்டில் மகளின் றேடியோ. அதற்கு நான் பின்னிய வெள்ளை நூல் உறை. உறையின் மேல் பிளாஸ்டிக் றோசாப்பூ. பின்னாலிருந்து ஒரு ஏரியல் கம்பி சுவரில் ஏறி, யன்னலால் வெளியே போய், தென்னை மரத்தில் கட்டப்பட்டிருந்தது. மழைக்காலத்தில் தென்னை ஆடினால் செய்தியும் ஆடும்.

என் மகள் பாட்டு விருப்பம் கேட்டுத் தபாலட்டை போடுவாள். பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்களே, அதற்குத்தான் இந்தப் பாடு. ‘கல்முனையிலிருந்து’ என்று தொடங்கி வாப்பா பெயர், உம்மா பெயர், சாச்சிமார் பெயர் எல்லாம் போய்க் கடைசியில்தான் அவள் பெயர் வரும். பெண்பிள்ளையின் பெயர் காற்றில் போகிறதே என்று நான் ஏசினேன். என் பெயரை ஒவ்வொரு முறையும் பிழையாக வாசித்தார்கள். அதற்கும் ஏசினேன்.

மூன்றாவது சம்பந்தத்தைக் கொண்டு வந்தது இவருடைய ராத்தா, என் மதினி. மாப்பிள்ளை வாத்தியார், அடக்கமான பொடியன், எல்லாம் சரி. ஆனால் தாயைப் பற்றிச் சொல்லும்போது மதினி குரலைத் தாழ்த்தினா.

“அவ சரியான பேணுதல் கா. படம் தொங்குற ஊட்டுல தண்ணியும் குடிக்க மாட்டாவாம். பாட்டுச் சத்தம் கேட்டா காதப் பொத்துவாவாம்.”

“ஆரு சொன்ன?” என்று கேட்டேன்.

“எல்லாரும்தான் சொல்லுறாங்க.”

எல்லாரும் சொன்னால் அதற்குமேல் விசாரணை எதற்கு? அவர்கள் வரும் நாளுக்கு முந்தின நாள் வீட்டைத் துப்புரவாக்கத் தொடங்கினோம். இவர் நடிகரைச் சுவரிலிருந்து இறக்கியதைப் பார்த்திருக்க வேண்டும். ஜனாஸாவைக் குழிக்குள் இறக்குவது மாதிரி இரண்டு கையாலும் தாங்கி இறக்கினார்.

“கடையில வைக்கிறன் புள்ள. கடைக்கு மலக்கு வரத் தேவையில்லதானே.”

“கடைக்கு அல்லாஹ்ட பறக்கத்து வேணாமா உங்களுக்கு?” என்றேன்.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைவிடப் பெரிய பிரச்சினை வந்திருந்தது. நடிகர் நின்ற இடமெல்லாம் சுவர் புதுப்பச்சை. மற்ற இடமெல்லாம் அடுப்புப் புகையும் வெயிலும் குடித்த பழம்பச்சை. மூன்று பெரிய சதுரங்கள் நடிகரைவிடப் பிரகாசமாகச் சிரித்தன. கஃபாவின் படம் ஒன்று வைத்துப் பார்த்தோம். போதவில்லை, நாலு பக்கத்தாலும் புதுப்பச்சை எட்டிப் பார்த்தது. டிஸ்டெம்பர் வாங்கி வந்து ஒரு மூலையில் பூசினோம். மூன்றாவதாக ஒரு பச்சை வந்தது.

அப்போது இவருக்கு ஒரு யோசனை பிறந்தது. இவருக்கு யோசனை பிறந்தால் ஒரு சுத்தியலும் கூடவே பிறக்கும். வீட்டிலிருந்த முசல்லாக்கள், அதுதான் தொழுகை விரிப்புகள், ஹஜ்ஜிலிருந்து வந்தவர்கள் தந்தவை, எல்லாவற்றையும் எடுத்துச் சுவரில் ஆணி அடித்தார். தொழுகிற விரிப்பை ஆணியில் அறைவதா என்று நான் கேட்க, “கீழ கிடக்கிறதவிட மேல இருக்கிறது மரியாததானே” என்றார். சதுரங்கள் மறைந்தன. ஹோல் முசல்லாக் கடை மாதிரி ஆகிவிட்டது.

மிச்சம் றேடியோ. நான்தான் அதைப் பழைய சாரனில் சுற்றி, குசினிக்குப் பக்கத்து அறையில் தவிட்டுச் சாக்குக்குப் பின்னால் வைத்தேன். மகள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னையும் அந்தச் சாக்குக்குப் பின்னால வெச்சிட்டா வேல முடிஞ்சிரும் உம்மா” என்றாள்.

“வாய மூடு. எல்லாம் ஒனக்காகத்தான்.”

“எனக்காகத்தான். அந்த மாமி பாத்துட்டுப் போறது எந்த ஊட்டுப் புள்ளய எண்டுதான் வெளங்கல்ல.”

நான் கேட்காத மாதிரிச் சாக்கைச் சரிசெய்தேன்.

மறுநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் தாயும் மூத்த மகளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாய் மெலிந்த உடம்பு, கூர்மையான கண். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதிரையில் இருந்தா. சுவரைச் சுற்றிப் பார்த்தா.

“மாஷா அல்லாஹ். நிறைய முசல்லா இரிக்கி.”

“நாங்க தொழுகையில கொஞ்சம் கூட” என்றார் இவர். நான் தரையைப் பார்த்தேன்.

தேத்தண்ணி குடித்தா. கிணற்றடியைப் பார்த்தா. மகளைப் பக்கத்தில் இருத்தி ஒரு சூறா ஓதச் சொன்னா. மகள் நன்றாக ஓதினாள். எல்லாம் எனக்கே நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காகப் போனது. அப்போது பொழுதுபட்டுப் பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

“ஒரு முசல்லா தாங்க, தொழுதுட்டுப் போவம்” என்றா.

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் தரையில் விரிக்க ஒரு முசல்லாவும் இல்லை. எல்லாம் மேலே மரியாதையாக இருந்தன. இவர் சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணியை நெம்பினார். ஆணி வந்தது, முசல்லா வந்தது, பின்னாலிருந்த புதுப்பச்சைச் சதுரமும் வந்தது. அது கிப்லாப் பக்கத்துச் சுவர், தொழும்போது முகம் திரும்பும் பக்கம். அந்தத் தாய் அதே சதுரத்தைப் பார்த்தபடி நின்று மூன்று றக்அத்தும் தொழுதா. நானும் பக்கத்தில் நின்று தொழுதேன். என் தொழுகை கூடியதா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஸலாம் கொடுத்தா. துஆக் கேட்டா. முசல்லாவை மடித்தா. மடித்துக்கொண்டே, “இதில என்ன தொங்கின?” என்றா.

“மணிக்கூடு” என்றார் இவர்.

“இவ்வளவு பெரிய மணிக்கூடா? எங்க, ரெயில் ஸ்டேசன்லயா வாங்கின?”

மூத்த மகள் எழுந்து போய் அடுத்த முசல்லாவின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். “உம்மா, இதிலயும் ஒரு மணிக்கூடு இருந்திரிக்கி.”

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய கண் தட்டுக்குப் போனது. தட்டில் நூல் உறை, உறையின் மேல் றோசாப்பூ, உறைக்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்தில் ஏரியல் கம்பி. அவள் கம்பியோடு கண்ணை ஏற்றி யன்னல் வரைக்கும் போனாள்.

“இந்தக் கம்பி என்னத்துக்கு?”

“உடுப்புக் காயப் போட” என்றார் இவர்.

“ஊட்டுக்குள்ளயா மாமா?”

“மழைக்கு.”

தாய் எழுந்துவிட்டா. முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“இஞ்ச பாருங்க ராத்தா,” என்று என்னைப் பார்த்துச் சொன்னா. “படம் தொங்கினா, கழட்டுங்க எண்டு சொல்லியிருப்பன். அது பெரிய விசயமில்ல. நான் என்ட மகன இந்த ஊட்டுல கொண்டு வந்து விட்டுட்டுப் போகப்போறவ. மறைக்கிற ஊட்டுல எப்பிடி விடுற?”

 மதினி சொன்னதை எடுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளே சாக்கு இழுபடும் சத்தம் கேட்டது. மகள் வந்தாள். கையில் சாரன் சுற்றிய றேடியோ, அதில் தவிடு. முக்காட்டிலும் தவிடு. உறையைத் தூக்கி, றேடியோவைத் தட்டில் வைத்து, கம்பியைச் செருகினாள்.

“இது என்ட றேடியோ மாமி. பாட்டுக் கேட்டு அட்ட போடுறதும் நான்தான். படமெல்லாம் வாப்பாட. முசல்லாவுக்கு ஆணி அடிச்சதும் வாப்பா.”

இவர் கூரையைப் பார்த்தார். ஓடு ஒழுகுமா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை.

அந்தத் தாய் றேடியோவைப் பார்த்தா. மகளைப் பார்த்தா. பிறகு கதிரையில் திரும்பவும் இருந்தா.

“அப்ப அது நீதானா? நான் றேடியோல பேர் வாற அந்தப் புள்ளதான் எண்டு வந்தன். வந்து பாத்தா ஊட்டுல றேடியோவே இல்ல. ஊடு மாறி வந்துட்டனோ எண்டு நினைச்சிட்டன்.”

“நீங்க கேக்கிறயளா?” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“குசினில வெச்சிரிக்கன். செய்தி கேக்கத்தான். செய்திக்கு முன்னுக்கும் பின்னுக்கும் பாட்டு வந்தா நான் என்ன செய்யிற? காதக் கழட்டி வைக்கிறதா?” என்றா. பிறகு என் பக்கம் திரும்பினா. “ஒங்கட பேரும் தெரியும். ரெண்டாவதா வாற பேரு. அதைப் பிழையாத்தான் வாசிக்கிறாங்க.”

நான் எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்! அந்த இடத்திலேயே அவவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

“இந்தக் காலத்துப் புள்ளகள் தன்ட பேர முதல்ல போடும். இவ வாப்பா, உம்மா, சாச்சி எல்லாரையும் சொல்லிட்டுக் கடைசிலதான் தன்னச் சொல்றா. அதக் கேட்டுக் கேட்டுத்தான் நான் விசாரிச்ச. என்ட மகனுக்குப் பாட்டும் தெரியா, கூத்தும் தெரியா. அவன் ஒரு கணக்கு வாத்தி.”

போகும்போது இரண்டு கட்டளை போட்டா. பாங்கு சொன்னால் றேடியோ வாய் மூட வேண்டும். முசல்லாக்கள் இன்றைக்கே தரைக்கு வர வேண்டும். இவர் அன்றைக்கே எல்லா ஆணியையும் பிடுங்கினார். அடுத்த மழைக்கு முன்னால் காவின் எழுதிக் கலியாணம் முடிந்தது. நாங்கள் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்கு மாறினோம். நடிகர் கடையிலேயே தங்கிவிட்டார். படத்தைப் பற்றி நான் அன்றைக்கு நினைத்ததைத்தான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஹோலில் என்ன தொங்கியது என்று மலக்குகளுக்கு முதலே தெரியும். நாங்கள் ஆணி அடித்தது அக்கரைப்பற்று பஸ்ஸுக்காக.

சம்பந்தி மௌத்தாகிவிட்டா, அல்லாஹ் அவவுடைய கப்றை விசாலமாக்கட்டும். அவ இருந்தவரைக்கும் யாரும் வேறு கதை சொல்லத் துணியவில்லை. இப்போது சொல்கிறார்கள். மருமகன் றேடியோவில் பெயர் கேட்டு மயங்கினாராம். அந்த மனிதர் இன்றைக்கும் செய்தி முடிந்ததும் றேடியோவை நிற்பாட்டுகிறவர். மயங்கியது அவருடைய உம்மா.

வாசிக்கிற நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்த மாதிரியே சொல்லுங்கள். காதல் சேர்க்க வேண்டாம். என் மகள் சம்பந்தம் பேசிய நாள்வரை மாப்பிள்ளையின் முகத்தையும் பார்த்ததில்லை. என்னை மௌத்தாக்க வேண்டாம். அதற்கென்று ஒரு நேரம் எழுதப்பட்டிருக்கிறது. மணிக்கூட்டையும் மேலும் பெரிதாக்க வேண்டாம். அது ஏற்கெனவே போதுமான அளவு பெரிது.