பதினெட்டாம் வருஷத்துக் குதிரைச் சவாரி

சுவீடனில் வேலை பார்க்கும் என் மகள், டிசம்பர் விடுமுறைக்கு எங்களை அழைத்து, வடக்கே ஒரு பண்ணையில் தங்கிக் குதிரைச் சவாரி போகலாம் என்று எல்லா ஏற்பாடும் செய்தாள். ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். டிசம்பர் என்றால் கார்த்திகையும் மார்கழியும். அவளுடைய அப்பா கழுத்தில் ஐயப்பன் மாலை கிடக்கும் காலம்.

எங்களுக்கு அல்லிநகரத்தில் பம்ப் மோட்டார் கடை. கார்த்திகை பிறந்தால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கறுப்பு வேட்டிதான். குமுளி ஏறினால் சபரிமலைக்கு வழி என்பதால் எங்கள் பக்கம் மாலை போடாத வீடு அபூர்வம். என் வீட்டுக்காரருக்கு அது பதினெட்டாவது வருஷம். பதினெட்டாம் வருஷம் போகிறவர் தென்னங்கன்று சுமந்துபோய் சன்னிதானத்தில் வைப்பார். அதற்குப் பிறகு அவரைக் குருசாமி என்பார்கள். சொந்தபந்தமெல்லாம் அந்த நாளுக்காகக் காத்திருந்தது. அவரும்தான்.

“போயிட்டு மகரவிளக்குக்குள்ள திரும்பிருவோம். மாலைபாட்டுக்கு மாலை, பயணம்பாட்டுக்குப் பயணம்” என்றார்.

விரதத்தில் இருக்கிறவரை அவர் எனக்குப் புருஷன் இல்லை, சாமி. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். செருப்புப் போடமாட்டார். தோலில் செய்த எதையும் தொடமாட்டார். காலையிலும் சாயங்காலமும் பச்சைத் தண்ணீரில் குளிப்பார். இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. சாமியோடு சண்டை போடக் கூடாதே, அதுதான் தாங்க முடியவில்லை. நான் சண்டை போட்டே குடும்பம் நடத்தியவள்.

பயமெல்லாம் அவர் காலைப் பற்றித்தான். அவருக்குச் சர்க்கரை. போன வருஷம் சின்னமனூரில் ஒரு வாழைத்தோப்புக்கு மோட்டார் பார்க்கப் போனவர், காலில் முள் ஏறியதுகூடத் தெரியாமல் அப்படியே வீட்டுக்கு வந்தார். தரையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன். புண் ஆற மாதக்கணக்கானது. “அடுத்த தடவை மருந்து கட்ட மாட்டேன், காலைத்தான் எடுப்பேன்” என்று தேனி டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தக் காலோடுதான் பனிக்குப் போகிறோம்.

மாலையைக் கழற்றச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. போட்ட மாலையை மலைக்குப் போகாமல் கழற்றுவது வீட்டிலோ பங்காளி வீட்டிலோ சாவு விழுந்தால் மட்டும்தான். அந்தப் பேச்சை எடுத்தாலே அபசகுனம்.

பண்ணை இருந்த ஊரில் சூரியன் ஒப்புக்கு எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். பிற்பகலிலேயே இருட்டு. எங்கே பார்த்தாலும் வெள்ளை, நடுவில் கறுப்பாக ஊசியிலை மரங்கள். குதிரைகள் குட்டையாக, கரடி மாதிரி ரோமத்தோடு இருந்தன. பண்ணைக்காரம்மாள் நல்ல ஆள்தான், ஆனால் கறார். பூட்ஸ் போடாதவர் குதிரையில் ஏற முடியாது என்றாள்.

“குதிரை மேல இருக்கும்போது காலு தரையிலயா படுது? எதுக்குப் பூட்ஸ்?” என்றார் சாமி.

மகள் இரண்டு பக்கமும் கெஞ்சினாள். கடைசியில் அந்த அம்மாள் உள்ளே போய், கம்பளியை அடித்துக் கெட்டியாக்கிச் செய்த பழைய பூட்ஸ் ஒரு ஜோடியைத் தேடி எடுத்து வந்தாள். ஒரு நூல்கூடத் தோல் இல்லை. குதிரைச் சேணம் தோல் என்பதால் அதன் மேல் சாமி தன் மாற்று வேட்டியை நாலாக மடித்து விரித்துக்கொண்டார். பூட்ஸையும் மாட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அவர் மனசுக்குள் போட்டிருந்த கணக்கு பிறகுதான் தெரிந்தது. குதிரை மேல் இருக்கிறவரைதான் பூட்ஸ். இறங்கினால் அது செருப்பு. முதல் நாள் காட்டுக்குள் ஓரிடத்தில் குதிரைகளை நிறுத்தியதும் இறங்கினார், பூட்ஸையும் காலுறையையும் உருவிக் கையில் பிடித்துக்கொண்டார், பனியில் வெறுங்காலோடு நின்றார். நான் குதிரை மேலிருந்து அலறினேன். இறங்கத் தெரியாமல் அதன் பிடரியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். கூட வந்திருந்த மருமகன்தான் ஓடிவந்து என்னைத் தூக்கி இறக்கினார்.

“ஒண்ணுமே தெரியல பாரு. ஐயப்பன் பாத்துக்கிடுவான்” என்றார் சாமி, பெருமையாக.

தெரியாததுதான் வியாதி. அதை ஐயப்பன் தலையில் கட்டினால் எப்படி? தங்கும் இடத்துக்கு வந்து பார்த்தால் இரண்டு விரல்கள் தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன. பண்ணைக்காரம்மாள் பார்த்துப் பதறிப்போய், வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு திரும்பியது. இன்னொரு தடவை இப்படி ஆனால் விரல் கறுத்து விழுந்துவிடும் என்று மகளிடம் சொன்னாள். மகள் அதை அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“இறங்காமலே இருக்கேன், போதுமா?” என்றார்.

மறுநாள் உறைந்துபோன ஒரு ஏரியின் மேல் போனோம். குதிரைக் குளம்புக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது என்பதால் நான் கீழே பார்க்கவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் முன்னால் போன குதிரையின் வயிற்றோரம் தொங்கிய இரண்டு கம்பளிப் பூட்ஸைத்தான். அக்கரையில் ஒரு மரக்குடிசை. அங்கே காபி. எல்லோரும் இறங்கினோம். குதிரை ஓய்வெடுக்க வேண்டும், நீங்களும் இறங்குங்கள் என்று பண்ணைக்காரம்மாள் அவரிடம் கையைக் காட்டினாள். இறங்கினார். குனிந்து பூட்ஸைக் கழற்றினார்.

நான் குடிசைக்குள் இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மகளின் போனில் செய்தி வந்தது. படித்தவள் என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள்.

“அம்மா, கோம்பைத் தாத்தா இறந்துட்டாகளாம்.”

கோம்பைத் தாத்தா என்றால் கோம்பை ஊரில் இருந்த என் வீட்டுக்காரரின் சித்தப்பா, அவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. நேர்ப் பங்காளி. எனக்குச் சின்ன மாமனார். தோட்டத்தில் முதல் வாழைக்குலை வெட்டினால் எங்கள் வீட்டுக்கு அனுப்பாமல் சாப்பிட மாட்டார். நல்ல மனுஷர்.

“இப்ப சொல்ல வேணாம்மா. காதுல விழுற வரைக்கும் தீட்டு இல்லன்னு நீயே சொல்லுவ. அப்பாவுக்குப் பதினெட்டாவது வருசம். மலைக்குப் போயிட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம். கோம்பையிலயும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாக.”

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கம் அப்படி மறைத்து வைப்பதுண்டு. மாலை போட்டவர் திரும்பி வரும்வரை வீடே வாயைக் கட்டிக்கொண்டு இருக்கும். ஜன்னலுக்கு வெளியே அவர் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். கணுக்கால்வரை பனி.

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். வழுக்கி ஒரு முட்டியை ஊன்றி எழுந்தேன்.

“சாமி, கோம்பை மாமா தவறிட்டாக. மாலையக் கழட்டிருங்க. கழட்டிட்டு பூட்ஸப் போடுங்க” என்றேன். எல்லாம் ஒரே மூச்சில்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையாலும் மாலையைத் தலைக்கு மேல் தூக்கிக் கழற்றி, கண்ணில் ஒற்றி, துண்டில் முடிந்தார். நான் பனியில் உட்கார்ந்து அவர் பாதத்தை என் மடியில் வைத்துத் துடைத்து, காலுறை மாட்டி, பூட்ஸை ஏற்றினேன். கால் ஐஸ் கட்டி. ஆனால் வெளுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோம்பை மாமா செத்துப்போன சேதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன்.

திரும்பும்போது அவர் சேணத்தில் வேட்டியை விரிக்கவில்லை. இனி அவரை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. சாமி என்று ஆரம்பித்து, விழுங்கி, “என்னங்க” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. மகளும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். கோம்பையில் வாசலில் கால் வைத்ததும் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். வாழைக்குலை கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஆத்தா, பழுத்ததும் மொதல்ல நீ சாப்புடு” என்று மாமா சொல்வது ஞாபகம் வந்தது. குரலெடுத்து அழுதேன். நடிப்பில்லை. என்னை நாலு பேர் பிடித்துத் தேற்ற வேண்டியிருந்தது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பும்போது காரை அவர்தான் ஓட்டினார். எதிரே மலைக்குப் போகிற வண்டிகள் சரணம் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டார். தேவையே இல்லை, சாலை அகலம்தான். சின்னமனூர் தாண்டியதும் நான் பொறுக்க மாட்டாமல், “இன்னும் எம்மேல கோவமா? காலு நல்லா இருக்குல்ல?” என்றேன்.

“காலு நல்லாத்தான் இருக்கு” என்றார். கொஞ்ச தூரம் ஓட்டினார்.

“இன்னைக்கு அழுததுல ஒரு சொட்டு, அங்கன சொல்லும்போது அழுதிருக்கலாம்ல.”