ஓவியாவின் பிரிண்டர்

பெயர்தான் சக்கரவர்த்தி, ஆளுவதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு ஸ்குரூ டிரைவரும். செங்கம் ரோட்டில் ஒரு டிரஸ்ட் ஷெட்டில், ஜனங்கள் தானமாகக் கொடுக்கும் பழைய பிரிண்டர்களைச் சோதித்துப் பிரிப்பது அவர் வேலை. ஓடுவது பள்ளிக்கூடத்துக்கு, ஓடாதது உடைப்புக்கு. ஆசிரமத்துக்கு வந்து சீசன் முடிந்து ஊருக்குக் கிளம்பும் வெள்ளைக்காரர்கள் முதல் வக்கீல் ஆபீஸ்காரர்கள்வரை எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நேத்துவரைக்கும் நல்லா ஓடுச்சுங்க." திறந்தால் உள்ளே கரப்பான்பூச்சி குடித்தனம் நடத்தும். சக்கரவர்த்தி யார் முகத்துக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டார். டெஸ்ட் பேப்பரில் நான்கு கலரும் வந்தால்தான் பள்ளிக்கூடம்.

அந்த மனுஷன் போன ஆனியில் தன் வீட்டிலிருந்தே ஒரு பிரிண்டரைத் தூக்கிவந்தார். மகள் ஓவியாவுடையது. காலேஜில் படித்துக்கொண்டே தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, கணக்குத்தாள் அடித்துக் கொடுத்தவள். பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அவள் படித்த கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கே அதைக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் அவருக்கு மனசு வந்தது. அவள் பெயர் போட்ட ஸ்டிக்கர்கூட அடித்து வைத்திருந்தார்.

டெஸ்ட் பேப்பர் வெள்ளையாகவே வந்தது. கிளீனிங் போட்டார், மை பீய்ச்சும் ஹெட்டைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தார், மூன்று நாள் மல்லுக்கட்டினார். நீலத்தில் ஒரு கீற்று வந்தது, அவ்வளவுதான்.

"ஹெட் காஞ்சிபோச்சுண்ணா," என்றாள் கூட வேலை செய்யும் ரேவதி. "வாரத்துக்கு ஒரு பேப்பராவது அடிக்கணும்னு வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதானே சொல்லுவீங்க?"

"யாரையும் தொட உடலம்மா. துணி போட்டு மூடி வெச்சிருந்தேன். அவ வெச்ச மாதிரியே இருக்கட்டும்னு..."

பொத்திப் பொத்தி வைத்ததில்தான் அது பாழாய்ப்போயிருந்தது. வேறு யாரும் செய்யவில்லை, அவரேதான் செய்தார்.

"அந்த ஸ்டிக்கர வேற பிரிண்டர்ல ஒட்டி அனுப்பிடலாம்ணா. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவ தொட்டது இது ஒண்ணுதாம்மா."

உடைப்புக் குவியலில் அவரே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, அடுத்த பிரிண்டருக்கு வயரைச் செருகினார். யாரோ வேண்டாமென்று ஷெட் வாசலில் போட்டுவிட்டுப் போனது, மேலெல்லாம் புழுதி. முதல் தடவையிலேயே நான்கு கலரும் பளிச்சென்று வந்தன. அந்தப் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரவர்த்தி வாய்விட்டு அழுதார்.