அனுமந்தைக் கடலில் ஒட்டிக்கொண்ட நட்சத்திரம்

சென்ற ஆண்டு அனுமந்தைக் கரையில் காய்ந்து கிடந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, அது பவளப்பாறையில் வாழும் நட்சத்திர மீன் என்று இந்த வலைப்பக்கத்தில் எழுதினேன். கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவர், "அங்கே வெறும் மணல்தான் ஐயா, யாரோ கடையில் வாங்கிப் போட்டிருப்பார்கள்" என்று பதில் போட்டார். நான் பத்தாவதோடு நின்றவன், பழைய புத்தகங்களில் கடலைப் படித்தவன். அதற்காக என் கண் பொய்யாகிவிடுமா? உயிருள்ள ஒன்றைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைப்பதென்று இந்த மார்ச்சில் கிளம்பினேன்.

திண்டிவனத்தில் ஐந்தே காலுக்குப் பேருந்து. மரக்காணம் சேர ஒரு மணி நேரம். அங்கிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். உப்பளங்களில் அதற்குள் உப்பு வாரத் தொடங்கியிருந்தார்கள்.

ஏழு மணிக்கு மீனவர் ஏழுமலையின் ஃபைபர் படகு கரையேறியது. பார் என்று அவர்கள் சொல்லும் கடலடிப் பாறைத்திட்டில் உரசி வந்த வலை. அவர் மனைவி செல்வி அதை உதறியபோது, உள்ளங்கை அகலத்தில் உப்பலாக ஒன்று விழுந்தது.

"இன்னா பெரியவரே, இட்லி மாதிரி இருக்குது. சட்னி ஊத்தவா?"

வாளியில் கடல்நீர் எடுத்து அதை மல்லாக்க விட்டேன். ஐந்து பள்ளங்கள் நடுவிலுள்ள வாயில் கூடின. கைகள் வெளியே நீளாமல் உடலோடு கலந்த திண்டு நட்சத்திரம். மீனே அல்ல, கடல் அட்டைக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான முட்தோலி. பள்ளங்களிலிருந்து நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் மெல்ல நீண்டன. பத்து நிமிடத்தில் வாளிச் சுவரைப் பற்றிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. மணலில் புதைந்து வாழும் நட்சத்திரத்தின் கால்கள் கூர்மையானவை, அவற்றில் உறிஞ்சி கிடையாது. இது பாறையைப் பிடித்து வாழப் பிறந்தது. வாளியருகே மண்டியிட்டவன் வெகுநேரம் எழவில்லை.

"இத எனக்குக் குடுப்பா. ஒரு வாத்தியாருக்குக் காட்டணும்."

"பாருல வந்தது பாருக்கே போவணுங்க" என்றார் ஏழுமலை.

"போன வருசம் ஒண்ணு இங்க காஞ்சி கெடந்துதே?"

"கெடந்துது. திருப்பி வுடாத அந்த வாரமே ரெண்டு வலை கிழிஞ்சிது. அந்த வாத்தியார இங்க கூட்டியாங்க."

"வரமாட்டாரு, காலு நனைஞ்சிடும்" என்றாள் செல்வி.

அரை மணி நேரம் வாதாடினேன். என்னைவிடப் பிடிவாதக்காரரை அன்றுதான் பார்த்தேன். கடைசியில், "அப்ப நீங்களே வந்து வுடுங்க. பாரு இருக்கிற எடத்த மட்டும் எங்கயும் எழுதக் கூடாது, எல்லாரும் வலையோட வந்துடுவாங்க" என்றார். ஒப்புக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் ஓடியபின், கரையின் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வந்த இடத்தில் இன்ஜினை நிறுத்தினார். வாளியிலிருந்து அதைப் பெயர்க்க ஐந்து நிமிடம் ஆனது. நீரில் விட்டதும் ஒருமுறை புரண்டு, ஐந்து பள்ளங்களையும் காட்டிவிட்டு இறங்கிப் போனது. எங்கு பார்த்தாலும் கலங்கிய பச்சை நீர். அதனடியில், நேராக என் காலுக்குக் கீழே, அதன் ஊர் இருந்தது.

போக விரும்புகிறவர்கள் ஆறரைக்குள் கரையில் இருங்கள். தொப்பியும் ஒரு வாளியும் எடுத்துச் செல்லுங்கள். எதையும் நீருக்கு வெளியே வைத்துப் பார்க்காதீர்கள்.

கல்லூரிக்காரருக்கு: வாளியில் வைத்து எடுத்த படம் கீழே இருக்கிறது. வாளி எந்த ஊரிலும் கிடைக்கும் என்பீர்கள், இடத்தைக் கேட்பீர்கள். சொன்னால் நான் ஜெயித்துவிடுவேன். சொல்ல மாட்டேன். அது அங்கேதான் இருக்கிறது.