கயிறு கட்டிய பெட்டி

ஊருக்குக் கிளம்புவதைப் பெரியம்மா யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆனாலும் தெரிந்துவிடும். லீவு கிடைத்த அன்றே அவள் அறை வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கும். "பெருசா ஒண்ணும் இல்லக்கா, ஒரு சின்னப் பொட்டலந்தான்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். "என்னைப் பாத்தா லாரி மாதிரியா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வாங்கி வைப்பாள். வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்த எங்கள் ஆட்கள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் 'கூரியர் அக்கா' என்று பெயர்.

ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. இயந்திரம் துப்பும் விரிப்புகளை எதிரெதிரே இரண்டு பேர் நின்று இழுத்து, நீவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்க வேண்டும். நாள் முழுக்க சூடு, ஈரம், சோப்பு. அவள் விரல் நுனிகள் கண்ணாடி போல வழவழவென்று இருக்கும். ரேகை தேய்ந்து வருடங்கள் ஆகின்றன. "கைரேகை பாக்கறவன் என்கிட்ட வந்தா அன்னிக்கு அவனுக்குப் பட்டினிதான்" என்பாள்.

மகனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவள் ஊரை விட்டுப் போனாள். பெரியப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போயிருந்தார். பையன் எங்கள் வீட்டில் வளர்ந்தான். நான் பேசுவதைக் கேட்டுத்தான் பேசக் கற்றான். அதனால் என் அம்மா அவனுக்கும் அம்மா ஆனாள். பெற்றவள் பெரியம்மா ஆனாள். முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு திருத்தலாம் என்று இருந்தோம். அப்புறம் திருத்துகிற வயதை அவன் தாண்டிவிட்டான். லீவில் அவள் வந்து இறங்கும்போது "பெரியம்மா" என்று கத்திக்கொண்டு ஓடி வருவான். "எப்படிக் கூப்பிட்டா என்ன, ஓடி வரான்ல" என்பாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். மேற்படிப்புக்கு அவள் இருந்த நகரத்துக்கே வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவள் அறையில்தான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தம்பியிடமிருந்து, அவள் மகனிடமிருந்து, போன் வந்தது. குளிர் நாடு ஒன்றில், மீன் பதப்படுத்தும் ஆலையில் அவனுக்கு வேலை உறுதியாகிவிட்டது. வரும் சனிக்கிழமை காலையிலேயே விமானம். திரும்பி வர வருடங்கள் ஆகும்.

சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் விடமாட்டேன் என்றார். இருந்தும் பெரியம்மா கணக்குப் போட்டாள். வெள்ளி காலை கிளம்பினால், நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் மாறி, இருட்டும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். மகனோடு ஒரு ராத்திரி. அவனுக்கென்று தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கினாள். எனக்கும் விடுமுறை என்பதால் கூடவே கிளம்பினேன். சல்லிசாகக் கிடைக்கிறது என்று இரண்டு கம்பெனிகளில் தனித்தனி டிக்கெட். அதனால் நடுவில் பெட்டியை எடுத்து, வெளியே போய், மறுபடி போட வேண்டும். அது அவளுக்குப் பழக்கம்தான்.

கிளம்பும் நேரத்தில் பக்கத்து அறைப் பெண் ஒரு புதுக் குக்கரோடு வந்து நின்றாள்.

"தங்கச்சிக்குக்கா. உள்ள காலியாத்தான் இருக்கு. அதுக்குள்ளயே நீங்க துணி வெச்சுக்கலாம்."

"பெரிய உபகாரம்டி" என்றாள் பெரியம்மா. பல பேருடைய மருந்துப் பொட்டலங்கள் கைப்பையை ஏற்கெனவே நிறைத்திருந்தன. அதில் அடங்காமல் பிதுங்கிய ஜாக்கெட்டை எடுத்துப் பெட்டியின் அடியில் அமுக்கி, மேலே குக்கரை வைத்து, பெட்டி மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் பிளந்துகொண்டது. பால்கனியில் துணி காயப் போடும் நைலான் கயிற்றை அறுத்து வந்து குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம்.

முதல் விமானம் தாமதமாக இறங்கியது. கதவு திறப்பதற்குள் நான் யோசித்து வைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் இரண்டாவது விமானத்துக்கான போர்டிங் பாஸ் என் போனிலேயே இருந்தது.

"பெட்டிய விட்டுட்டா வெளிய போக வேண்டாம் பெரியம்மா. நேரா அடுத்த கேட்டுக்குப் போயிடலாம். பெட்டிய அப்பறம் கேட்டு வாங்கிக்கலாம்."

"அடுத்தவங்க பொருள்டி. தொலைஞ்சா அவங்ககிட்ட என்ன சொல்றது?"

"தம்பிகிட்ட என்ன சொல்வீங்க?"

"அவன் ஜாக்கெட்டும் அதுலதான இருக்கு" என்றாள். அவள் பின்னாலேயே வெளியே போகும் வழிக்கு நடந்தேன்.

குடியேற்ற வரிசையில் விரல் பதிக்கும் கருவி அவள் விரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள். அதிகாரி அடுத்த விரல், அடுத்த விரல் என்று சைகை காட்டினார். கடைசியில் ஒரு தனி மேசைக்கு அனுப்பி, பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். நான் ஒரே தொடுதலில் தாண்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

பெட்டிகள் வரும் பட்டையில் எங்கள் விமானத்துப் பெட்டிகள் தீரத் தொடங்கியிருந்தன. வந்த பெட்டியே திரும்பத் திரும்ப வந்தது. "நீ போடி. பெரியம்மா வந்துட்டே இருக்காங்கன்னு அவன்கிட்ட சொல்லு" என்றாள். நான் போகவில்லை. பாசமா, தனியாகப் போய் அவன் முகத்தைப் பார்க்கப் பயமா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பட்டை நின்றது. ஓடிப் போய் ஒரு ஊழியரைக் கேட்டேன். அவர் சாவகாசமாக மூலையில் இருந்த இரும்புக் கதவைக் காட்டினார். கயிறு கட்டிய பெட்டிகள் பட்டையில் சிக்கிக்கொள்ளும் என்பதால், ஒழுங்கற்ற சாமான்களோடு சேர்த்து அங்கேதான் தள்ளுவார்களாம். ஒரு சைக்கிளுக்கும் குழந்தை வண்டிக்கும் நடுவில் எங்கள் பெட்டி கிடந்தது. ரொம்ப நேரமாகவே கிடந்திருக்க வேண்டும்.

தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினோம். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். மன்னிக்கவும் என்று அழகாகச் சொன்னாள். அடுத்த விமானம் நாளைக் காலை என்றாள்.

பெரியம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்து மகனுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"பரவால்ல பெரியம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க."

"ஜாக்கெட்டு வாங்கிருந்தேன்டா."

"அங்க போய்ப் பாத்துக்கறேன். அம்மா கூப்பிடறாங்க, வெச்சிடவா?"

வைத்துவிட்டான். போனை மடியில் போடுவதற்குள் மறுபடி அடித்தது. அவன்தான் என்று அவசரமாக எடுத்தாள். பக்கத்து அறைப் பெண்.

"அக்கா, குக்கர் பத்திரமா இருக்கில்ல?"

"இருக்கு" என்றாள் பெரியம்மா.

மறுநாள் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் கட்டிலில் விரிப்பு கசங்கியபடி கிடந்தது. பெரியம்மா அதை எடுத்து உதறி மடித்தாள். அதற்குள் பொட்டலத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். "நேத்தே வருவீங்கன்னு சொன்னாங்க, ரெண்டு பஸ் மாறி வந்துட்டுத் திரும்பிப் போனேன்" என்றார் ஒருவர். பக்கத்து அறைப் பெண்ணின் தங்கை குக்கரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கைப்பிடியில கீறல் விழுந்திருக்கே."

அடுத்த வாரம் தம்பி போன அதே நாட்டுக்கு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் கிளம்புவதாகக் கேள்விப்பட்டதும், ஜாக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு பெரியம்மா அவர் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல தம்பி, ஒரு சின்னப் பொட்டலந்தான்."

அவர் அதை வாங்கி, கையில் தூக்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "எனக்கே இடம் பத்தலக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

எவ்வளவு சுலபமான வாக்கியம். இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது பெரியம்மா அதைச் சொல்லியிருந்தால் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அவர் மேலா, அவள் மேலா, பெட்டியை விட்டுவிடலாம் என்று நினைத்த என் மேலா என்று தெரியவில்லை.

"அவர் சொல்றதும் நியாயந்தான்" என்றாள் பெரியம்மா, வழியில்.

லீவு முடிந்து அவள் திரும்பும் நாளன்று எங்கள் வீட்டு வாசலிலும் செருப்புகள் சேர்ந்தன. அங்கிருக்கும் மகனுக்கு, கணவனுக்கு, அக்காவுக்கு என்று ஆளுக்கொன்று கையில் வைத்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் சொன்னதை இவளும் சொல்வாளா என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னைப் பாத்தா லாரி மாதிரியா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா கையை நீட்டினாள்.

ஜாக்கெட் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது வந்தால் கேட்க வேண்டும்.