ஆலமரத்தில் கட்டிய சாக்கு

முதலில் வலித்தது கெண்டைக்கால். வரப்பில் நடக்கும்போது யாரோ பின்னாலிருந்து கட்டையால் அடித்ததுபோல் இருந்தது. மறுநாள் குளிர்காய்ச்சல். அதற்கும் மறுநாள் கண்கள் சிவந்தன.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் யாரோ இப்படிக் கிடப்பதால்தான் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். திருவாதவூர்ப் பக்கம் கொஞ்சம் வயலும் ஒரு மாடும் வைத்திருக்கிறேன். எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் கண்ணில் மஞ்சள் இறங்கியது. எங்கள் ஊரில் கண் மஞ்சளானால் காமாலைதான். அதற்கு நாட்டு மருந்தும் உப்பில்லாத கஞ்சியும். அதிலேயே மூன்று நாள் போனது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. என் மனைவி செல்வி ஆட்டோ பிடித்து மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "குடிப்பீங்களா?"

"இல்லம்மா."

"எப்பவாவது?"

"எப்பவுமே இல்லம்மா."

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தாள். வராந்தாவில் என்னைத் தள்ளுவண்டியில் வைத்து நிறுத்தியிருந்தபோது குனிந்து கேட்டாள்: "எந்தம்பிகூடச் சேந்து கம்மாக்கரைப் பக்கம் போனீகளாமே, என்னத்துக்கு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தம்பி பாண்டியும் நானும் அங்கே போனது குடிக்க அல்ல. ஆனால் எதற்கு என்று சொல்லவும் முடியாது.

காய்ச்சலுக்குச் சில நாள் முன்பு, செல்வி வெளியூர் போயிருந்த வாரத்தில், வயலில் கட்டியிருந்த சினைமாடு கன்று வீசிவிட்டது. ஏழு மாதத்திலேயே செத்து விழுந்தது. இளங்கொடி (கன்றோடு வெளியே வரும் உறை) பாதியில் தொங்கி நின்றது. பாண்டி மாட்டைப் பிடித்துக்கொள்ள, நான் வெறுங்கையால் எடுத்தேன். அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். மரத்தில் பால் வடிவதுபோல மடியிலும் சுரக்கும் என்பார்கள். ஊருக்குள் இருக்கும் மரத்தில் கட்டினால் விஷயம் தெரிந்துவிடும். கன்று வீசிய மாடென்றால் சந்தையில் யாரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். அதனால் கண்மாய்க்கரை மரத்துக்குக் கொண்டுபோனோம். சாக்கு என் தோளில் ஒழுகிக்கொண்டே வந்தது. பாண்டி மரமேறினான், முழங்காலெல்லாம் சிராய்ப்பு. "உங்கக்காவுக்குக்கூடத் தெரியக்கூடாது மாப்ள" என்று சத்தியம் வாங்கினேன்.

இரண்டாம் நாள் டாக்டரம்மா வேறு மாதிரி கேட்டார். "ஆடு, மாடு இருக்கா? எதுக்கும் சீக்கு வந்துச்சா? எலி நடமாட்டம்?"

எனக்குச் சுருக்கென்றது. காமாலைக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். பாண்டிதான். அதனால்தான் என்னைப் பார்க்கவே வரவில்லை.

"எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றேன்.

அன்று மாலை டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்யும் வேலையை இயந்திரம் செய்வது) செய்தார்கள். என் ரத்தம் குழாயில் வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்தபடி, பாண்டியை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இது எலிக்காய்ச்சல் மாதிரி இருக்கு. ஊசி ஆரம்பிச்சாச்சு. எலி, மாடு, நாய், பன்னி, எதோட சிறுநீர்லயும் இந்தக் கிருமி இருக்கும். மாடு கன்னு வீசுனா அதுலயும் இருக்கலாம். ஈரத்துல வந்து தோல்ல கீறல் இருந்தா உள்ள போயிரும். உங்களுக்கு வந்த எடத்துல வேற யாரும் கைவச்சிருந்தா அவங்களுக்கும் வரலாம். அதுக்குத்தான் கேக்குறேன்."

பாண்டியின் முழங்கால் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "குடிச்சிருந்தாக்கூட நீங்க ஒருத்தருதான படுத்திருப்பீக!" சொல்லிக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"மூணு நாளாக் காய்ச்சல்க்கா. காலு ரெண்டும் கழண்டு விழுற மாதிரி வலிக்கு."

"ஏன்டா யாருட்டயும் சொல்லல?"

"டாக்டருட்டப் போனா எப்படி வந்துச்சுன்னு கேப்பாகள்ல? மச்சான் சத்தியம் வாங்கிருக்காருக்கா."

அவனை நான் காட்டிக்கொடுத்தவன் என்று நினைத்த அந்த நாட்களில், அவன் என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு காய்ச்சலில் கிடந்திருக்கிறான்.

அன்றே அவனையும் கொண்டுவந்தார்கள். கண் மஞ்சளாகும் முன்பே வந்ததால் ஊசியோடும் மாத்திரையோடும் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டான். எனக்கு மூன்று முறை டயாலிசிஸ், மூன்று வாரம் படுக்கை. கால்நடை டாக்டர் மாட்டைச் சோதித்து மருந்து கொடுத்தார். கன்று வீச்சு நோய் என்று இன்னொன்றும் மாட்டிலிருந்து மனிதனுக்கு வருமாம். அதற்கும் எங்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அது இல்லை. மாட்டை நான் விற்கவில்லை.

முன்பெல்லாம் தோலை ஒரு சுவர்போல நினைத்திருந்தேன். இப்போது அது எந்தப் பக்கமும் திறக்கும் கதவாகத் தெரிகிறது. வயலில் நீர் கட்டினால் பூட்ஸ் இல்லாமல் இறங்குவதில்லை. காலில் சின்னக் கீறல் பட்டாலும் அன்றிலிருந்து நாலு வாரம் எண்ணுகிறேன்; கிருமி வெளியே தெரிய அவ்வளவு நாள்கூட ஆகலாமாம். காய்ச்சல் வந்த நாளில் நோய் தொடங்குவதில்லை, அதற்கு முன்பே நமக்குத் தெரியாமல் தொடங்கிவிடுகிறது என்பது புரிந்த பிறகு, நன்றாக இருக்கும் நாளைக்கூட முழுதாக நம்ப முடியவில்லை.

காலையில் எழுந்ததும் பக்கத்துத் தெருவுக்கு நடந்து போய்ப் பாண்டியை வெளிச்சத்துக்குக் கூப்பிடுகிறேன்.

"என்ன மச்சான், தெனமும் பொண்ணு பாக்க வாரது மாதிரி வாரீக?"

"கண்ணைக் காட்டு மாப்ள."

இமையை அவனே கீழே இழுத்துக் காட்டுவான். வெள்ளையாக இருக்கும். அதன் பிறகுதான் எனக்கு அன்றைய பொழுது தொடங்கும்.